ஐந்து மீற்றர் கயிறு

செப்ரெம்பர் 2, திங்கள்

மூன்றாவது கிழமை தொடங்கிவிட்டது. கிளைக் குகையின் முடிவை இன்னும் எட்டவில்லை. எரிச்சலை வேறு யாரிடமும் கொட்ட முடியாததால் இந்தக் கொப்பியில் கொட்டுகிறேன். பிறகு எடுத்து வாசித்தால் எனக்கே விளங்கவேண்டும் என்பதற்காக முதலில் இருந்து எழுதுகிறேன்.

ஊரார் இடிகுண்டு என்று சொல்லும் இந்தக் குளம், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் சுண்ணாம்புக்கல் தரை இடிந்து விழுந்து உண்டானது. அடியில் ஒரு குகை, முழுக்கத் தண்ணீர். சுற்றியுள்ள கிணறுகள் வருடத்துக்கு வருடம் உவராகிக்கொண்டு போகின்றன. கடல்நீர் எந்த வழியால் உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் மூவரை அனுப்பியிருக்கிறார்கள். சோதிப்பதற்குத் தண்ணீர் மாதிரிகளை எடுப்பது என் வேலை. நேசண்ணை, அதாவது நேசராசா, குருநகரில் பதினெட்டு வருடம் கடலடிக்கு மூழ்கிக் கடலட்டைக்குச் சுழியோடிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். குகையை அளப்பதும் உள்ளே அளவுக் கருவிகளைப் பொருத்திப் பூட்டுவதும் அவர் பொறுப்பு. கரையில் நின்று எங்களை மேய்ப்பவர் கிளெமென்ற் சேர்.

வாசலில் இருந்து உள்ளே நூற்றைம்பது மீற்றருக்குத் தாய்க்கயிறு ஒன்று நிரந்தரமாகக் கட்டியிருக்கிறோம். விளக்கு அணைந்தாலும் சேறு கலங்கினாலும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வரலாம். அறுபதாவது மீற்றரில் இடப்பக்கமாகக் கிளைக் குகை பிரிகிறது. அதற்குள்ளும் ஒரு கயிறு இருக்கிறது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஐந்து மீற்றர் வெறும் தண்ணீர். அந்த ஐந்து மீற்றருக்கு ஒவ்வொரு முறையும் றீலில் இருந்து கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டு போகவேண்டும். திரும்பும்போது சுற்றி எடுக்கவேண்டும். போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம். தண்ணீரோ கண்ணாடி. தாய்க்கயிற்றில் நின்றால் எதிர்க் கயிற்றின் முடிச்சே தெரிகிறது.

அந்த எட்டு நிமிடம் கையில் இருந்தால் நான் முடிவுவரை போய்விடுவேன். சேரிடம் சொன்னேன். பதறாத காரியம் சிதறாது என்றார். சரி, கட்டிய கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வரலாமே என்றேன். கல்விளிம்பு உரசி அறுத்துவிடும், அறுந்த கயிற்றை நம்பிப் போவது கயிறில்லாமல் போவதைவிட மோசம் என்றார். இந்த மனிதரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. வேலை மட்டும் நகரவில்லை.

செப்ரெம்பர் 4, புதன்

வாடகை வீட்டுக் கிணறும் உவர். சவர்க்காரம் நுரைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் உடுப்புத் தோய்த்தேன், தோய்த்ததற்கான அடையாளமே இல்லை.

செப்ரெம்பர் 5, வியாழன்

இன்று வில்லைச் சண்டை. ஆளுக்கு நாலு பிளாஸ்ரிக் வில்லைகள் வைத்திருக்கிறோம், பெரிய பொத்தான் அளவு. கிளைக்குள் போகுமுன் ஒவ்வொருவரும் தங்கள் வில்லையை றீல் கயிற்றில் கொழுவிவிட்டுப் போகவேண்டும். வரும்போது தன்னுடையதைத் தானே எடுக்கவேண்டும். வேறொருவரின் வில்லை தொங்கினால் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். கயிற்றில் கை வைக்கக்கூடாது. எதுவும் தொங்காவிட்டால் நீதான் கடைசி, சுற்றிக்கொண்டு வரலாம். இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க என்னுடையதில் ஒரு வெட்டு, நேசண்ணையுடையதில் மூன்று வெட்டு.

பத்துப் பேர் போகிற இடத்தில் இதெல்லாம் சரி. நாங்கள் இரண்டு பேர். இரண்டுவரை எண்ண எனக்குத் தெரியும் என்று சேரிடம் சொன்னேன். நேசண்ணை சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. மற்றவரின் வில்லையை எந்தக் காரணத்துக்காகவும் தொடமாட்டேன் என்று இருவரையும் ஒருமுறை வாயால் சொல்லவைத்தார். பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நின்று சொன்னோம்.

செப்ரெம்பர் 9, திங்கள்

கிளையின் கடைசியில் ஒரு ஒடுக்கம். ஒருவர் மட்டும் நுழையலாம். அதற்கு அப்பால் ஒரு சின்ன அறை, அங்கேதான் உவர்நீர் வருகிறது என்று நினைக்கிறேன். காற்றில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தால் திரும்பவேண்டும் என்பது சட்டம். ஒடுக்கத்தின் வாசலில் நின்று அந்த அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எட்டு நிமிடம். நான் திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன், எழுதத்தான் செய்வேன்.

போதாததற்கு நேசண்ணை இன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வெள்ளியன்று வான் திறப்பு, வண்டியை எடுக்க முடியாமல் நின்றோம். அதற்கு முன் கருவியின் பற்றரி. தலை கழுத்தோடு ஒட்டியிருக்கிறதால் அதை மட்டும் மறக்காமல் கொண்டுவருகிறார். நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை, ஏசவும் முடியாது.

செப்ரெம்பர் 11, புதன்

சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கொம்பிறெஸர் பழுது. ஒரு நாள் போச்சு.

செப்ரெம்பர் 12, வியாழன்

நேசண்ணை உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவர் ஒடுக்கத்துக்குள் போய்க் கருவியைப் பூட்டுவது, நான் இந்தப் பக்கம் காத்திருப்பது என்று ஒழுங்கு. உள்ளே ஏதோ சரிந்து சேறு கிளம்பியது. பால் மாதிரி ஆகிவிட்டது, என் விளக்கே எனக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் நின்றிருப்பேன். தோளில் ஏதோ இடித்துக்கொண்டு வாசல் பக்கமாகப் போனது. அவர் என்னைக் கடந்து போகிறார் என்று நினைத்தேன். என் காற்றும் எல்லைக்கு வந்திருந்தது. கயிறு வழியாகப் பின்னால் வந்தேன், முடிச்சை அவிழ்த்தேன், றீலைச் சுற்றிக்கொண்டு தாய்க்கயிற்றுக்கு வந்து வெளியேறினேன்.

கரையில் சேர் மட்டும் நின்றார்.

நான் மேலதிக சிலிண்டரோடு திரும்பி இறங்கப் பார்த்தேன், சேர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவரே உடுப்பை மாட்டத் தொடங்கினார். எனக்குப் பத்தொன்பது நிமிடம் பிந்தி நேசண்ணையின் தலை தெரிந்தது. அவர் சிலிண்டர்களில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கிளைக் கயிற்றின் முடிவில் றீல் கயிறு இருக்கவில்லை. கலங்கல் அங்கேயும் வந்துவிட்டதால் எதிரே எதுவும் தெரியவில்லையாம். இடுப்பில் இருந்த சின்ன றீலை அங்கே கட்டி, அதைப் பிடித்தபடி ஐந்து மீற்றர் போய்த் தடவியிருக்கிறார். பிழையான பக்கம். திரும்பி வந்து மீண்டும் போயிருக்கிறார். இரண்டாம் முறை தாய்க்கயிறு கையில் தட்டுப்பட்டது.



செப்ரெம்பர் 13, வெள்ளி

விசாரணை. வானுக்குப் பக்கத்தில் மூன்று பிளாஸ்ரிக் கதிரைகளில். என் தோளில் இடித்தது நேசண்ணை இல்லை. ஒடுக்கத்துக்குள் இருந்து அவர் வெளியே தள்ளிவிட்ட வெறும் கருவிப் பை. பையும் ஆளும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொட்டுப் பார்த்து உறுதிசெய்திருக்கவேண்டும் என்று சேர் சொன்னார், ஒத்துக்கொண்டேன்.

பிறகு, றீல் கயிற்றில் நேசராசாவின் வில்லை இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

நேசண்ணை என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் போடேல்லைப் போல,” என்றார். “போட்ட மாதிரித்தான் ஞாபகம். பையில மூண்டு வில்லைதான் கிடக்கு, ஆனால் மற்றதை எங்கையும் துலைச்சிருப்பன், என்ர ஞாபகத்தை ஆர் நம்பிறது?”

நான் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

செப்ரெம்பர் 14, சனி

கழுவல் வேலை. உடுப்பு, காலணி, கையுறை எல்லாம் பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். தொடைப் பைக்குள் இருந்தவற்றைக் கொட்டினேன். கத்தி, எழுதுபலகை, வில்லைகள் ஐந்து. நாலை வெயிலில் வைத்தேன். மற்றதைப் பழைய துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

மதியம் புட்டு அவித்தேன். சாப்பிட முடியவில்லை.

செப்ரெம்பர் 16, திங்கள்

வேலையை நிறுத்திவிட்டார்கள். அறிக்கை போய் ஒப்புதல் வரும்வரை யாரும் இறங்கக்கூடாதாம். மாரி தொடங்கினால் குளம் கலங்கிப் பிறகு இறங்கவே முடியாது, மழை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்காது.

யோசித்துப் பார்த்தால் நேசண்ணை மறதிக்காரர் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கண்ணாடி, திறப்பு, பற்றரி. அன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள் உண்மையிலேயே மறந்திருப்பார். இதை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் வாசிக்க அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் வெட்டாமல் விடுகிறேன்.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

நேசண்ணை தொலைபேசியை எடுக்கவில்லை. அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா எடுத்தார். நேசண்ணை வேலையை விடப்போகிறாராம், கடலுக்கும் போகமாட்டாராம். சுழியோடும் உடுப்பைத் தம்பியாருக்குக் கொடுத்துவிட்டார். அடுப்பை நிற்பாட்டினேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிறாராம். மகளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிக்கொண்டு போவதையும் நிறுத்திவிட்டார்.

“பிள்ளையைப் பின்னால இருத்தினதை மறந்து எங்கையும் விட்டிட்டு வந்திடுவன் எண்டு சொல்லுறார், சுபோ,” என்றார் அக்கா. “இந்த மனுசன் இப்படி இருக்கிற ஆள் இல்லை. நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

கதைக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

செப்ரெம்பர் 18, புதன்

அறிக்கை வந்தது. மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில்: சுழியோடி நேசராசா தனது அடையாள வில்லையைக் கயிற்றில் கொழுவத் தவறியதால், சக சுழியோடி விதிப்படி கயிற்றைச் சுற்றி எடுத்தார். ‘விதிப்படி’ என்ற சொல்லை சேர் தன் கையால் சேர்த்திருந்தார். எனக்கு உதவி செய்கிறாராம். நேசண்ணை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார், கொஞ்சம் கோணலாக.

அதற்குக் கீழே எனக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

செப்ரெம்பர் 19, வியாழன்

கையெழுத்துப் போட்டேன்.

செப்ரெம்பர் 20, வெள்ளி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால் கூட, அந்தச் சோற்றை ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடவேண்டியிருக்கிறது. எட்டு நாளாக நேசண்ணை சாப்பிடுகிறார்.

எழுதிவிடுகிறேன். கிளைக் கயிற்றின் முடிவுக்கு வந்தபோது அங்கே கலங்கல் குறைவு. முடிச்சு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு வில்லைகள். ஒன்று என்னுடையது. மற்றதைத் தடவிப் பார்த்தேன், மூன்று வெட்டு. அதாவது அவர் உள்ளே இருக்கிறார். கயிறு அதைத்தான் சொன்னது, வேறெதையும் சொல்லவில்லை. எனக்கு அது கேட்கவில்லை. மனிதர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனதுமல்லாமல், வில்லையை எடுக்கவும் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி மறந்தவர் இதையும் மறந்திருப்பார். கோபம் தலைக்கு ஏறியது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கரைக்குப் போய் சேரின் மேசையில் எறிந்து, இதுதானா உங்கள் வில்லைச் சட்டம், இதற்குத்தானா என் எட்டு நிமிடம் என்று கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சுற்றும்போதே அந்த வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வசனம்.

கரையில் சேர் தனியாக நின்றதைக் கண்டதும் அந்த வசனம் போய்விட்டது. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். விசாரணையில் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட முன்னாவது சொல்லியிருக்கலாம். பயந்தேன். தண்ணீருக்குள் இறங்க விடமாட்டார்கள் என்று பயந்தேன். ஒரு மனிதன் சாகக் கிடந்ததற்குப் பிறகும் எனக்கு அந்த அறையில் எடுக்கவேண்டிய தண்ணீர்தான் பெரிதாக இருந்தது.

நாளைக்குக் குருநகருக்கு, நேசண்ணை வீட்டுக்குப் போகிறேன்.

செப்ரெம்பர் 21, சனி

போனேன். நேசண்ணை முற்றத்துக் குழாயின் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தார், பூட்டினார், திரும்பவும் திறந்து பார்த்தார். மெற்றில்டா அக்கா பால் விடாத பிளேன் ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் உள்ளே போவார் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. அவருக்கு முன்னாலேயே சொன்னேன். துணியை அவிழ்த்து வில்லையை மேசையில் வைத்தேன். அன்று எறிய ஆசைப்பட்டதை இன்று மெல்லத்தான் வைக்க முடிந்தது.

ஏன் எடுத்தாய், ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று பதில்களோடு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எங்கை கிடந்தது?”

முடிச்சுக்குக் கிட்ட என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“தாய்க்கயிற்றுப் பக்கம். நாலு விரல் தள்ளி.”

நாலு விரலை மேசைமேல் வைத்துப் பார்த்தார். “அப்ப போட்டனான்,” என்றார். என்னிடம் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார், “நான் போட்டனான், மெற்றி.” அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நேசண்ணை அழவில்லை. வில்லையின் மூன்று வெட்டையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதமும் சரியில்லை, பாதியில் காரணம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

“தண்ணிக்குள்ள நடந்தது பிழை. கோவத்தில ஆருக்கும் வரும். நானும் கடலுக்க எத்தினையோ பிழை விட்டிருக்கிறன்,” என்றார். “அதுக்குப் பிறகு ஒம்பது நாள் கிடந்தது, சுபோ. ஒம்பது நாளும் நான் என்ர கையை நம்பேல்லை. உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு சுகம் கேக்கப் போன் எடுத்தனீங்கள்.”

ரீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழும்பி வந்தேன். குடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 23, திங்கள்

கிளெமென்ற் சேரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பழமொழி ஏதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய அறிக்கையை என் முன்னால் கிழித்தார். இந்த வருடம் நான் எந்தக் குகைக்குள்ளும் இறங்க முடியாது. அடுத்த வருடம் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாமாம். கரை வேலைக்கு ஆள் வேண்டும், நேரம் எழுதுவதற்கு. இருக்க விருப்பமா என்று கேட்டார்.

இருக்கிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு போகிற உரிமை எனக்கு இல்லை.

செப்ரெம்பர் 26, வியாழன்

வானம் கறுத்துக் கறுத்துக் கலைகிறது. மெற்றில்டா அக்காவுக்குத் தகவல் அனுப்பினேன். பதில் இல்லை. நேசண்ணை உடுப்பைத் தம்பியாரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார் என்று சேர் சொல்லித்தான் தெரியும்.

செப்ரெம்பர் 30, திங்கள்

நேசண்ணையும் சேரும் இறங்கினார்கள். பத்து மணி நாலு. நான் கரையில், கொப்பியும் பேனையுமாக. முன்பு இந்த வேலையை சேர் செய்யும்போது, மனிதர் சும்மா நிற்கிறார் என்று நினைப்பேன். சும்மா நிற்கிற வேலை இல்லை. பத்து மணி முப்பதுக்கு மேல் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. ஐந்து மீற்றருக்கு இப்போது கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள், இப்போது கொழுவுவார்கள், இப்போது ஒடுக்கம் என்று ஒவ்வொரு நிமிடமாக எண்ணினேன். எட்டு நிமிடம் மிச்சம் பிடிக்கிற நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை. இன்னும் பத்து நிமிடம் எடுத்து இறுக்கிக் கட்டட்டும் என்றிருந்தது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு இருவரும் வந்தார்கள். முதலில் சேர், பின்னால் நேசண்ணை. நேசண்ணையின் கையில் மூன்று போத்தல்கள், அந்த அறையின் தண்ணீர். நான் ஒன்றரை மாதமாகக் கனவு கண்டது. போத்தலைக் கருவியில் வைத்து உப்பு அளந்தேன். கிணறுகளில் உள்ளதைப்போல ஆறு மடங்கு. வழி அதுதான். சேர் என் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன்.

கொப்பியில் வெளியேறிய நேரத்தை எழுதினேன். நேசண்ணை ஈரக் கையைத் துவாயில் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஆறு வருடமாக இருவரும் ஒன்றாக வேலை செய்கிறோம், நான் எழுதியதை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. சுபோ எழுதினால் சரி என்பார். இன்று கையை நீட்டினார். கொடுத்தேன். இறங்கிய நேரம், திரும்பவேண்டிய நேரம், வெளியேறிய நேரம் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றிலும் பிழை இல்லை. “சரி,” என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு உடுப்பு மாற்றப் போனார்.